சீல் வைத்த லாரி

எங்கள் மருமகள் ஒரே வெட்டில் இரண்டு அரசாங்கங்களை மண்டியிட வைத்தவள். சரி, மண்டியிட வைத்தாள் என்பது கொஞ்சம் கூடுதல்தான். ஒரு பகல் முழுக்கத் தலையைச் சொறிய வைத்தாள்.

மாகாணத் தடுப்பூசிக் கிடங்குக்கு அவள்தான் பொறுப்பாளர். மருந்து இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். வீட்டில் கோபத்தைக்கூட எட்டுக்கு மேல் ஏற விடமாட்டாள் என்பான் என் மகன். அவன் பார்த்தது அவ்வளவுதான்.

குழந்தைகளுக்குத் தட்டம்மை பரவிய சமயம். மத்திய அரசு குளிர்சாதன லாரியில் மருந்து அனுப்பியது, கதவில் சீல் வைத்து. மறுநாள் மத்திய அதிகாரி வந்து கேமரா முன்னால் உடைப்பாராம். கொடுத்தது யார் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா!

நண்பகலில் டிரைவர் ஓடி வந்தான்.

“அக்கா, கூலிங் மெஷின் நின்னுபோச்சு. மீட்டர் ஏழத் தொட்டிருச்சு!”

அவள் மத்திய அதிகாரிக்குப் போன் போட்டாள்.

“சீல்ல கை வெச்சா வேலை போயிரும்மா. நாளைக்கு நான் வர்றேன்ல?”

அடுத்து தன் மாகாண இயக்குநருக்கு.

“அவங்களோட உரசல் வேணாம்மா. அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுறோம், பதில் வரட்டும்.”

“அதுவரைக்கும் மருந்துக்கு நீங்க வந்து விசிறுவீங்களா சார்?”

மீட்டர் ஏழரை. டிரைவரிடம் கட்டிங் பிளேயர் கேட்டாள்.

“அக்கா, உங்களோட சேத்து என்னையும் வீட்டுக்கு அனுப்பிருவாங்க.”

“நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு. பாக்கவே இல்லன்னு சொல்லு.”

ஒரே வெட்டு. அரை மணி நேரத்தில் பெட்டிகள் அத்தனையும் குளிர் அறைக்குள். பதிவேட்டில் நேரம், ஏழு புள்ளி எட்டு டிகிரி, ‘சீலை உடைத்தது நான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் அதிகாரி கேமராக்களோடு வந்து இறங்கினார்.

“யாரு உடைச்சது?”

“நான்தான் சார். மருந்து காலையிலேயே ஊசி போடப் போயிருச்சு. சீல் மேசை மேல இருக்கு, வேணும்னா அதப் படம் புடிச்சுக்குங்க.”

அதிகாரி அவளைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

இதுவரை நான் எழுதியதை வாங்கிப் படித்த மருமகள் சொல்கிறாள்: “அவரு எங்க கும்பிட்டாரு அத்தை? மெமோவ நீட்டிட்டுப் போனாரு. மன்னிப்புக் கேட்டு எழுதணுமாம். இன்னும் எழுதல. எழுதவும் மாட்டேன்.”