ஐந்து பேருக்கான கார்

யுத்தம் முடிந்த மறுவருடம் கல்முனையில் எங்கு பார்த்தாலும் புதிய சின்னக் கார்கள். எங்கள் நீளமான பழைய கார் ஒருநாளும் என்னை நடுவழியில் விட்டதில்லை. குழப்பமே அதனால்தான். மக்கர் பண்ணியிருந்தால் கோபத்தில் விற்றுத் தள்ளியிருப்பேன். இரண்டு தடவை இஸ்திகாரா தொழுது அல்லாஹ்விடம் வழி கேட்டேன். மனம் எந்தப் பக்கமும் சாயவில்லை.

ஒரு பின்னேரம் தரகர் சின்னக் காரொன்றைக் கொண்டுவந்து, முன்பக்கம் கடலைப் பார்க்க எங்கள் வீட்டு வளவுக்குள் நிறுத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுனாமிக்குப் பிறகு எங்கள் தெருவில் எவரும் அப்படி நிறுத்துவதில்லை. ரிவர்ஸில் ஏற்றி, றோட்டைப் பார்க்கத்தான் விடுவோம்.

“முதல்ல திருப்பி விடுங்க தம்பி” என்றேன்.

திருப்பி விட்டு இறங்கினார். “பெற்றோல் குடிக்காது நானா. ஏசி இருக்கு. அஞ்சு பேர் சொகுசாப் போகலாம்.”

என் மனைவி பின்கதவைத் திறந்து, சீட்டைச் சாணால் அளந்து பார்த்தாள்.

“நல்ல கார்தான்” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “கடல் வந்த அண்டைக்கு நம்மட கார்ல பதினொரு பேர் ஏறின. இதுல ஆர ஏத்தாம விடுற?”