மாமி பேசி வாங்கிய தொப்பி

பாறசாலையில் என் மாமியின் தையல் கடைச் சுவரில் ஓர் ஓலைத் தொப்பி தொங்குகிறது. விளிம்பு ஒரு பக்கம் பிய்ந்திருக்கிறது, சுற்றிக் கட்டிய சிவப்பு நாடா வெளிறிப் போயிருக்கிறது. மாமி அதைத் தலையில் வைத்து நான் அதிகம் பார்த்ததில்லை. மல்லாக்கத் தொங்கவிட்டு, அளவு நாடாவும் கோடு போடும் சாக்பீஸ் துண்டும் போட்டு வைக்கும் கூடையாக்கிவிட்டாள். அளவு கொடுக்க வரும் பெண்களில் யாராவது அதைப் பார்த்துவிட்டால் போதும். "கொச்சியில வாங்கினதாக்கும். அவன் சொன்ன வெலைக்கு நான் விடுவேனா? மலையாளத்துல பேசிப் பேசி அவன ஒரு வழியாக்கிட்டேன். எனக்க மருமொவளும் கூட உண்டு, கேட்டுப் பாருங்க" என்று ஆரம்பிப்பாள். அந்த மருமகள் நான்தான். என்னை யாராவது கேட்டுவிடுவார்களோ என்று ஒவ்வொரு முறையும் துணி மடிப்பதுபோலக் குனிந்துகொள்வேன்.

மாமி என் அப்பாவின் அக்கா. பேச்சுக்கு அவளிடம் பஞ்சமே கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் நெய்யாற்றின்கரையில் இறங்குவதற்குள் அவள் மாமியார் வீட்டுச் சங்கதி வரைக்கும் மாமிக்குத் தெரிந்துவிடும். இறங்கும்போது அவளுடைய ரவிக்கையின் கைக்குழி எங்கே பிடிக்கிறது என்பதையும் சொல்லி அனுப்புவாள். எனக்குக் கொச்சியில் வேலை கிடைத்தபோது வீட்டில் எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் அவள்தான். கப்பலைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்பது அவளுக்கு நெடுநாள் ஆசை.

கேரளத்து எல்லையோரமான எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் மலையாளம். இரண்டிலும் மற்றதன் வாடை அடிக்கும். ஊரில் அது யாருக்கும் உறைப்பதில்லை. கொச்சி விடுதியில்தான் உறைத்தது. எங்கள் பக்கத்து மலையாளத்தை இழுத்துப் பேசிக் காட்டி அங்கே விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். டிவியில் செய்தி வாசிப்பவளைப் பார்த்துப் பார்த்து என் மலையாளத்தைச் சீவிச் சிங்காரித்துக்கொண்டேன். ஊர் எது என்று கேட்டால் திருவனந்தபுரம் என்பேன். மாவட்டம் அதுதானே, பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு விடுமுறை நாளில் மாமி வந்து இறங்கினாள். நல்ல வெயில். என் அறைத்தோழியும் எங்களோடு ஊர் சுற்ற வருவதாகச் சொல்லிப் படகுத்துறையில் காத்திருந்தாள். ஆட்டோவில் போகும்போது நான் மெதுவாகத் தொடங்கினேன். "எனக்க கூட்டுக்காரி வருவா மாமி. அவளுக்கு நம்ம பேச்சு புரியாது."

"அதுக்கென்ன, நான் மலையாளத்துல பேசுவேனே."

"நம்ம மலையாளத்தையும் கேட்டா சிரிப்பா மாமி."

மாமி என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். "சரி மக்கா. நான் மிண்டல்ல" என்றாள். பேசவே மாட்டேன் என்கிறாள். ஐயோ அப்படியெல்லாம் வேண்டாம் மாமி என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நான் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன். மனதுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. இன்றும் என்னைக் குத்துவது அந்த நிம்மதிதான்.

மாமி ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். தோழியைப் பார்த்ததும் சிரித்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், வாயைத் திறக்கவில்லை. படகு நடுக்காயலுக்கு வந்தபோது, அடுக்கடுக்காகப் பெட்டிகள் ஏற்றிய பெரிய கப்பல் ஒன்று எங்களைக் கடந்து போனது. மாமி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். வாய் திறந்தது, பிறகு மூடிக்கொண்டது. கப்பல் மறைகிற வரைக்கும் என் கையை அவள் விடவில்லை. தோழி என் காதருகே குனிந்து, "ஆன்ட்டிக்கு சம்சாரிக்கான் பற்றில்லே?" என்று கேட்டாள். பேச வராதா என்று அவ்வளவு பரிவோடு கேட்டாள். நான் தலையை அசைத்தேன். எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது போன்ற ஓர் அசைப்பு. பக்கத்திலேயே மாமி இருந்தாள். அவளுக்குக் காதும் நன்றாகக் கேட்கும், மலையாளமும் நன்றாகப் புரியும்.

அதன்பிறகு அன்றைய பகல் முழுக்க மாமி ஊமையாக இருந்தாள். கரையில் சீன மீன்வலையை இழுப்பவர்கள் கூப்பிட்டபோது ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தாள், சத்தமில்லாமல் சிரித்தாள். பழைய தேவாலயத்தின் கல்லறைக் கற்களைத் தடவிப் பார்த்தாள். மட்டாஞ்சேரியில் ஒரு துணிக் கடையில் மேசை விரிப்பு ஒன்றை எடுத்துத் திருப்பி, பின்பக்கத் தையலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரியாத தையல் அது. முடிச்சு எங்கே ஒளிந்திருக்கிறது என்று விரலால் தேடினாள். தைத்த பெண் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். மாமி அவளையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு விரிப்பை மடித்து வைத்துவிட்டாள்.

வெளியே மாமி ஓர் ஓலைத் தொப்பியை எடுத்துக் கையாலேயே விலை கேட்டபோது, விற்றவர் தன் வாயைத் தொட்டுக்காட்டித் தோழியிடம் என்னவென்று கேட்டார். அவள் ஆமென்று தலையாட்ட, அந்த மனிதரின் முகம் இளகிவிட்டது. தானாகவே விலையைக் குறைத்தார். வெயிலைக் காட்டி, தலையைக் காட்டி, வைத்துக்கொள்ளுங்கள் என்று கையாலேயே சொன்னார். மாமி அவரைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். அன்று முழுவதும் அதைத் தலையிலிருந்து எடுக்கவில்லை.

சாயங்காலம் தோழி விடுதிக்குப் போன பிறகு, ரயில் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்து மாமி தொப்பியைக் கழற்றினாள். "இனி மிண்டலாமா மக்கா?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். ரயில் வரும் வரைக்கும் கப்பலைப் பற்றி மூச்சு விடாமல் பேசினாள். என்மேல் ஒரு வருத்தச் சொல் இல்லை. அன்று அது எனக்கு ஒரு வேடிக்கையாகவே பட்டது.

போன மாதம் என் மகனுக்கு ஞானஸ்நானம். நான் ஊரோடு வந்து வெகுகாலமாகிவிட்டது. தோழியை அழைத்திருந்தேன். உண்மையிலேயே வருவாள் என்று நினைக்கவில்லை. பந்தலில் மாமியின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டுக்கொண்டிருந்தது. சாப்பாடு பரிமாறும் பையன்களை, "எலே, அந்தக் கடைசிப் பந்திக்கு சாம்பார் போவல்லயா?" என்று விரட்டிக்கொண்டிருந்தாள். அப்போது தோழி காரிலிருந்து இறங்கினாள். மாமி திரும்பிப் பார்த்தாள். பேச்சு பாதியில் நின்றது.

தோழி நேராக அவளிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, சுகமா என்று சைகையில் கேட்டாள். மாமி சிரித்துத் தலையாட்டினாள். சுற்றி நின்ற எங்கள் ஆட்கள் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். "மாமிக்கு என்ன ஆச்சு?" என்று என் தம்பி கேட்டான். எனக்குத்தான் புரிந்தது. இத்தனை வருடம் கழித்தும் என் மானத்தை மாமி பத்திரமாக வைத்திருக்கிறாள். தன் வீட்டுப் பந்தலில், தன் ஜனங்களுக்கு நடுவில் நின்று, எனக்காக மறுபடியும் ஊமையாகிறாள்.

"பேசுங்க மாமி" என்றேன்.

மாமி என்னைப் பார்த்தாள், தோழியைப் பார்த்தாள். பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெல்லிய குரலில் என்னிடம் கேட்டாள். "மிண்டலாமா மக்கா?"

தோழிக்குக் கேட்டுவிட்டது. சாப்பிட்டுவிட்டு, குழந்தைக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். போகும்போது மாமியைக் கட்டிக்கொண்டாள், என்னிடம் வெறுமனே வாறேன் என்றாள். எங்கள் பேச்சை அவள் எப்போது கற்றுக்கொண்டாளோ தெரியவில்லை.

நேற்று ஒரு துணியோடு மாமியின் கடைக்குப் போனேன். புதிதாக வந்த ஒருத்தி தொப்பியைப் பார்த்துவிட்டிருந்தாள். மாமி கதையில் தொப்பிக்காரர் வரைக்கும் வந்திருந்தாள். என்னைக் கண்டதும் இன்னும் உற்சாகமாகி, என் பக்கம் கைகாட்டி, "இன்னா நிக்கியாளே, இவளும் கூட உண்டு. அண்ணைக்கு நான் பேசின பேச்சுக்கு அவன் வெலைய கொறச்சான். இல்லியா மக்கா?" என்றாள்.

நான் தலையை அசைத்தேன்.