முழங்காலுக்கு மேலே விரிந்த ஜீன்ஸ்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒற்றைத் தையல் மெசினோடு தொடங்கியவன் நான். பிறகு வெள்ளவத்தையில் கடை, பன்னிரண்டு மெசின், ஹெந்தளையில் மாடிவீடு. கலவரத்தில் கடையை ஒருமுறை எரித்தார்கள்; அதே இடத்தில் திரும்பவும் கட்டினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் செய்த வேலை இவ்வளவும். இதை முதலில் சொல்லிவைக்கிறேன், பிறகு என் கோபம் உங்களுக்கு விளங்கும்.

போன வெள்ளிக்கிழமை, கொள்ளுப்பிட்டியில் என் மகன் திறந்திருக்கும் கடைக்குப் போனேன். பெண்கள் நாளாந்தம் உடுத்துகிற, கீழே அகல விரிந்த ஜீன்ஸ்தான் கடை முழுக்க. ஒன்றை எடுத்து மணந்து பார்த்தேன். கழுவாத டெனிம். அந்த மணத்தோடு சிவமலர் நினைவில் வந்துவிட்டாள்.

என் வெள்ளவத்தைக் கடைக் காலத்தில் சிவமலர் வங்கியில் வேலை செய்தவள். சேலையோடு பஸ் ஏறி இறங்கி அலுத்துப்போய் என்னிடம் வந்தாள்.

"அண்ணை, எனக்கு ஜீன்ஸ் தைச்சுத் தாங்கோ. ஆனா அப்பா பாத்தா பாவாடை எண்டு நினைக்கோணும்."

"தங்கச்சி, உமக்குத் தேவை தையல்காரன் இல்லை, மந்திரவாதி."

எல்லோரும் முழங்காலில்தான் விரிக்கத் தொடங்குவார்கள். நான் ஒரு சாண் மேலேயே தொடங்கினேன். நின்றால் பாவாடை, பஸ் ஏறினால் ஜீன்ஸ். ஆனால் பெரிய கெட்டிக்காரன் நான், துணியை நனைக்காமல் வெட்டிவிட்டேன். முதல் சலவையிலேயே சுருங்கி மேலேறிக் கணுக்கால் இரண்டும் வெளியே வந்துவிட்டன. அப்பாவும் கண்டுவிட்டார்.

"உங்களாலதான் அண்ணை! இனிச் சீலைதானாம்."

அன்றிலிருந்து துணியை ஒரு நாள் முழுக்கக் கடைக்குப் பின்னாலிருந்த தொட்டியில் ஊறப்போட்டே வெட்டினேன். பக்கத்து வீட்டுச் சிங்கள நோனா அந்த நீலத் தண்ணீரை எட்டிப்பார்த்து, "அய்யே, தொட்டியில கடல் வைக்கிறதா?" என்பாள். என் விரல்களும் நீலம்தான். சோறு தின்னவே கூச்சமாயிருக்கும். அப்படித் தைத்துக் கொடுத்த இரண்டாவது ஜீன்ஸை உடுத்துக்கொண்டு சிவமலர் அப்பாவோடேயே என் கடைக்கு முன்னால் காலி வீதியில் நடந்து போனாள். மனுசன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அடுத்த கிழமை அவளுடைய வங்கிப் பெண்கள் என் கடை வாசலில் நின்றார்கள்.

அந்த வெட்டுக்கு நான் வைத்திருந்த அளவு அட்டையைத்தான் மகன் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறான். கீழே, 'வெளிநாட்டிலிருந்து கொழும்புக்கு முதன்முறையாக' என்று எழுத்து!

"என்னடா இது?"

"சும்மா அழகுக்கு அப்பா. வெளிநாடு எண்டாத்தான் சனம் வாங்கும்."

"அழகுக்கோ? அந்த அட்டையில கிடக்கிற நீல விரலடையாளம் ஆருடையதடா?"

"கத்தாதேங்கோ, கஸ்டமர் நிக்கினம்."

நிற்கட்டும், கேட்கட்டும். வெள்ளவத்தைக் கடை இருந்த இடத்தில் இன்று போன் விற்கிறார்கள். தொட்டியை மூடிக் கார் நிறுத்துகிறார்கள். சிவமலர் எந்த நாட்டில் இருக்கிறாளோ தெரியாது. மிஞ்சியது அந்த அட்டை ஒன்றுதான்.

மகனே, அந்தப் பொய்யை அழி. 'கேட்டது சிவமலர், வெட்டியது என் அப்பா' என்று எழுது. என் பெயரை முழுதாகப் போடு. ஏலாதென்றால் அட்டையைக் கழற்றி என் கையில் தா.