கறுப்பு ஒயரும் கலர் நூலும்

முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணனைப் பற்றி நல்லதை மட்டும் எழுது என்றார் அண்ணி. அவரைப் பற்றி எழுத நல்லது மட்டும்தான் இருக்கிறது. கெட்டது என் பங்கு.

தாராபுரத்துக்கு அருகே அமராவதிக் கரையில் பிறந்தவர் அண்ணன். அப்பா சீக்கிரமே தவறிவிட, பீளமேட்டில் ஒரு மில்லில் எலக்ட்ரீசியனாகச் சேர்ந்து அம்மாவையும் தங்கையான என்னையும் அங்கேயே அழைத்துக்கொண்டார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த மில்லை மூடினார்கள். அண்ணன் ஏலத்தில் ஒரு பழைய ராணுவ லாரியை எடுத்து வந்தார். ஒரு ஜின்னிங் ஆலையில் பஞ்சுப் பொதி ஏற்றப் பேசியும் முடித்தார். தீபாவளிக்குள் லாரி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் எப்.சி. வாங்கிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

லாரி எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. வீட்டுக்குள் போக உடம்பை ஒருக்களிக்க வேண்டும். இன்ஜின் ஓடியது, லைட் போட்டால் பியூஸ் போனது. எங்கோ ஷார்ட். ஒயர் எல்லாம் ஒரே கறுப்பு, எண் போட்ட தகடுகள் எப்போதோ உதிர்ந்துவிட்டன. அண்ணன் ஒவ்வொரு ஒயருக்கும் இரண்டு முனையிலும் ஒரே நிற மில் நூலைக் கட்டினார், பிரேக் லைட்டுக்குச் சிவப்பு, ஹாரனுக்குப் பச்சை என்று. பிறகு எல்லா முனைகளையும் கழற்றி, ஷார்ட் ஆன இடத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்தார்.

"இனி மாட்ட வேண்டியதுதானுங்கம்மா. பூசை முடிஞ்சதும் மாட்டிப்போடறேன்" என்றார்.

ஆயுத பூசைக்கு லாரியைத் துடைக்கும் வேலை என்னுடையது. நான் தையல் வகுப்பில் சேர்ந்திருந்த நேரம். கையில் புதுக் கத்தரிக்கோல். சாமி கும்பிடுகிற வண்டியில் எண்ணெய் பிடித்த நூல் எதற்கு என்று, கேட்காமலேயே ஒன்று விடாமல் முடிச்சோடு வெட்டிக் குப்பையில் போட்டேன். துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

பூசை முடிந்து ஒயரை மாட்ட டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்த அண்ணன் வெகுநேரம் நிமிரவில்லை.

"என்ன கண்ணு ஆச்சு?" என்றார் அம்மா.

"எலிங்கம்மா. நூலையெல்லாங் கடிச்சுப்போட்டுது."

அப்போது நான் திறக்காத வாயை அப்புறம் திறக்க முடியவில்லை.

மறுநாள் முதல் அண்ணன் மல்லாந்து, தோளைக்கூடத் திருப்ப முடியாமல் அந்த இடுக்கில் கிடப்பார். முன்னால் ஒரு ஒயரில் அவர் கரண்ட் கொடுக்க, பின்னால் அதன் மறுமுனை எது என்று நான் டெஸ்ட் லாம்ப்பை ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்ப்பேன்.

"எரியுதா கண்ணு?"

"இல்லீங்கண்ணா."

நாளுக்கு நூறு தடவை இதே பேச்சு. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று தோன்றும், லாம்ப்பை அடுத்த ஒயருக்கு நகர்த்துவேன். ஒரு முறை எல்லாம் முடிந்தது என்று பிரேக்கை மிதித்தார், ஹாரன் அலறியது. தெருவே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது.

தீபாவளி போனது. பஞ்சு லோடு வேறொருவருக்குப் போனது. தை மாதம் லாரி எப்.சி.யில் பாஸ் ஆகியும் லோடில்லாமல் வாசலிலேயே நின்றது. அண்ணன் இரண்டு வருடம் அடுத்தவர் லாரியை ஓட்டினார். நாங்கள் ஒருக்களித்தே நடந்தோம். பிறகுதான் தேங்காய் லோடு கிடைத்து நிமிர்ந்தார், எனக்குக் கல்யாணமும் செய்துவைத்தார்.

போன வருடம் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு படுத்திருந்தவரிடம் அழுதுகொண்டே சொன்னேன். "அண்ணா, அன்னைக்கு நூல வெட்டினது நாந்தானுங்க."

"தெரியுங் கண்ணு. அன்னைக்கே குப்பையில கெடந்த முடிச்சப் பார்த்தனே. எலி கடிச்சாப் பிசிறடிக்கும். அது ஒரே மட்டமா இருந்துது."

"அப்புறம் ஏனுங்கண்ணா சொல்லல?"

"நான் ஒருத்தன் சிக்கிக் கெடந்தது பத்தாதா?"

நானும் சிக்கித்தான் கிடந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

அண்ணனைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தன் லாரியை நம்பிக் கொடுத்த முதலாளிக்கும், எங்கள் வாசலில் ஒருக்களித்து வந்துபோன அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இத்தனை வருடம் என் பழியைச் சுமந்த, எங்கள் லாரிப் பக்கமே வராத அந்த எலிகளுக்கும் நன்றி.