சாமை விழுந்த ஹலீம்

அஸ்ரப் நிஷாவின் மருமகள்கள் ஊரெல்லாம் ஒரு கதை சொல்லி வைத்திருக்கிறார்கள். கறியும் கோதுமையும் குழையக் கிண்டுகிற அவர்கள் வீட்டு பக்ரீத் ஹலீம் ஏதோ ஒரு நவாபின் சமையல்கட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்ததாம். கேட்கிறவர்களும் தலையாட்டிக்கொண்டே இன்னொரு கிண்ணம் வாங்கிக்கொள்கிறார்கள். நவாபாவது கிவாபாவது! அந்த ஹலீம் பிறந்தது கள்ளக்குறிச்சிக் கடைவீதிக்குப் பின்னால், சாதுல்லா வீட்டில், ஒரு பல்வலியின் புண்ணியத்தில். எழுபதுகளின் நடுவில் நடந்த சங்கதி. அப்போது அஸ்ரப் நிஷாவே அந்த வீட்டுக்குப் புது மருமகள்.

சாதுல்லாவுக்கு மலைச்சரக்கு மண்டி. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் புளி, கடுக்காய், தேன், சாமை எல்லாம் அவர் கை பட்டுத்தான் ஊருக்குள் போகும். மண்டியில் இடம் போதாத மூட்டைகள் வீட்டுக் கூடத்திலும் சமையல்கட்டு மூலையிலும் ஏறி உட்கார்ந்திருக்கும். சின்னசேலத்தில் தன்னோடு வியாபாரம் செய்த சிநேகிதரின் மகள் அஸ்ரப் நிஷாவைத் தன் இளைய மகன் அமீருக்குக் கட்டி வைத்தவர் அவர்தான். அவருடைய மனைவி ஷர்புன்னிசாவுக்கு அந்தச் சம்பந்தத்தில் மனசு ஒட்டவே இல்லை. பெண்ணிடம் குறை ஒன்றும் கிடையாது. அவள் பிறந்த வீட்டில் தமிழ் பேசுவார்கள், இங்கே உருது. அவ்வளவுதான். அது போதாதா ஒரு மாமியாருக்கு?

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இந்த வீட்டில் குடத்தைத் தொடவே விடவில்லை. பக்ரீத் அன்று ஹலீம் வேகிற பெரிய தேக்சாவில் கரண்டி போடுகிறவள்தான் வீட்டு மருமகள் என்பது அங்கே எழுதாத சட்டம். ஷர்புன்னிசா அந்தக் கரண்டியைத் தன் மாமியாரிடமிருந்து வாங்கியவர். மூத்த மருமகள் மெஹ்ராஜ் பேகம் உருது வீட்டுப் பெண். அவளைப் பக்கத்தில் நிறுத்திக் கிண்டச் சொன்னார். அஸ்ரப் நிஷாவுக்கு முற்றத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிற வேலை. "அதுல எங்க பரம்பரை ரகசியம் இருக்குதும்மா, உனக்குப் புரியாது" என்று ஒரு தடவை சொல்லியும் விட்டார். அன்றைக்கு வெங்காயம் உரிக்காமலே அவள் கண் கலங்கியது. ஒரே ஒரு பெருநாளாவது அந்தக் கரண்டி தன் கைக்கு வர வேண்டும் என்ற ஆசை அவளுக்குள் வைராக்கியமாகவே ஆகிவிட்டது.

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வராமலா போகும்? அடுத்த பக்ரீதுக்கு மெஹ்ராஜ் பேகம் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். ஷர்புன்னிசாவுக்கோ கடைவாய்ப் பல்லில் வலி கண்டு, கன்னம் பன்னாய் வீங்கிக் கிடந்தது. தாடையைச் சேர்த்துத் தலையோடு துணி கட்டி, வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு உள்ளறையில் படுத்துவிட்டார். தண்ணீர் தவிர எதுவும் உள்ளே இறங்கவில்லை. பெருநாள் தொழுகை முடிந்து, குர்பானிக் கறி வீட்டுக்கு வந்தபோது, அடுப்பின் முன்னால் நிற்க அஸ்ரப் நிஷாவை விட்டால் ஆள் இல்லை.

அதே வேளையில் மலையிலிருந்து கண்ணுசாமியும் அவர் மனைவி சாலம்மாளும் வந்து சேர்ந்தார்கள். சாதுல்லாவுக்குப் பல வருஷமாகச் சாமை கொடுக்கிறவர்கள். பக்ரீதுக்கு விருந்தாளிகளும் அவர்கள்தான். புது அறுப்புச் சாமையைக் குத்திப் புடைத்து ஒரு சாக்கில் கொண்டுவந்து, சமையல்கட்டு மூலையில் அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள்.

ஊறின கோதுமையும் கறியும் தேக்சாவில் ஏறிக் கொதித்துக்கொண்டிருந்தன. கரண்டி கைக்கு வந்துவிட்டது. அடுத்தது என்ன என்றுதான் தெரியவில்லை. அஸ்ரப் நிஷா உள்ளறை வாசலில் போய் நின்று, பதற்றத்தில் ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டாள்.

"மாமி, பொரிச்ச வெங்காயமும் புதினாவும் எப்ப போடறதுங்க? கோதுமையோட இன்னும் இன்னா போடணும்?"

ஷர்புன்னிசா முதல் கேள்விக்குப் பதில் சொன்னார். "ஷாம்மே டால்." சாயங்காலம் போடு என்று அர்த்தம். தாடைக்கட்டுக்கும் கிராம்புக்கும் நடுவில் நசுங்கி வெளியே வந்தபோது அது "சாமெ டால்" என்று ஆகிவிட்டது.

அஸ்ரப் நிஷா அதை இரண்டாவது கேள்விக்குப் பதிலாக வாங்கிக்கொண்டாள். டால் என்றால் போடு. சாமை என்றால் சாமை. ஷாம் என்ற வார்த்தை அவளுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் ரகசியத்துக்காக ஏங்கிக் கிடந்த காதுக்கு ரகசியம்தானே கேட்கும்! அட, இதுதானா அது! மண்டிக்காரர் வீடு, மூலைக்கு மூலை சாமை மூட்டை, வேறு என்னவாக இருக்க முடியும்? மாமி கடைசியில் தன்னை நம்பிச் சொல்லிவிட்டார் என்று அவளுக்கு உடம்பெல்லாம் பூரித்துப் போயிற்று. புதுச் சாமையை முறத்தில் அள்ளி, கல் போக அரித்து, தாராளமாகத் தேக்சாவில் கொட்டினாள். அது ஊற ஊற வெந்நீர் விட்டு, மத்தால் மசித்து, தோள் கழன்று போகும்வரை கிண்டினாள். பொழுது சாயும் நேரத்தில் நெய்யும் பொரித்த வெங்காயமும் புதினாவும் தன் கைக்கணக்கில் தானாகவே போட்டாள்.

வாசனை உள்ளறைக்குப் போய் ஷர்புன்னிசாவை எழுப்பிக்கொண்டு வந்தது. கட்டின தாடையோடு வந்து மூடியைத் திறந்தார். வழக்கமாக இழுபடுகிற பதம் இல்லை. வெள்ளையாய், வெண்ணெய் போலக் குழைந்து கிடந்தது.

"இன்னாடி போட்ட இதுல?"

"நீங்க சொன்னதுதாங்க மாமி. சாமை."

"நான் எப்ப சாமைன்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். "யா அல்லா! ஷாம்மே! ஷாம்மேன்னேன்டி பாவி! சாயங்காலம்!"

கூடத்தில் உட்கார்ந்திருந்த சாதுல்லா வெடித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஷர்புன்னிசாவுக்கு எரிகிற கொள்ளியில் எண்ணெய். தெருவுக்கெல்லாம் கொடுத்தனுப்ப வேண்டிய ஹலீம், கூடத்தில் விருந்தாளி வேறு. "கொட்டு இத. குஸ்கா வெச்சி மானத்தக் காப்பாத்துவோம்" என்றார். இன்று இந்தத் தேக்சா கவிழ்ந்தால் கரண்டி இந்த ஜன்மத்தில் திரும்பி வராது என்று அஸ்ரப் நிஷாவுக்குத் தெரியும். அழவில்லை அவள். ஒரு கிண்ணத்தில் சுடச்சுட ஊற்றி, மேலே நெய் விட்டு நீட்டினாள்.

"ஒரே வாய் துன்னுப் பாருங்க மாமி. நல்லா இல்லன்னா நானே கொண்டுபோய்க் கொட்டிடறேன்."

இரண்டு நாள் பட்டினி. எதிரே நெய் மணக்கிறது. ஷர்புன்னிசா துணியைக் கொஞ்சம் தளர்த்தி, வலியை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வாய் வைத்தார். மெல்ல வேண்டியதே இல்லை. தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. வழக்கமான, இழுபடுகிற ஹலீமாக இருந்தால் அந்தப் பல்லுக்கு உயிரே போயிருக்கும். கண்ணைத் திறந்தார். இன்னொரு வாய் போயிற்று. கிண்ணம் காலியானதும் அதை நீட்டினார். அஸ்ரப் நிஷா நிரப்பினாள். மூன்றாவது தடவையும் நிரப்பினாள்.

கூடத்தில் சாலம்மாளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. போன வருசம் வரைக்கும் மரியாதைக்குத்தான் சாப்ட்டுக்கினு இருந்தோம். இந்த வருசந்தான் ருசிச்சி சாப்டறோம்" என்றார். கண்ணுசாமி தலை நிமிரவே இல்லை, கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் கிண்ணங்கள் தெருவுக்குப் போயின. போன கிண்ணங்கள் கழுவாமல்கூடத் திரும்பி வந்து வாசலில் நின்றன. பக்கத்து வீட்டுக் காசியம்மாள் தானே வந்துவிட்டார்.

"இன்னாம்மா இது, இப்டி ருசிக்குது! இன்னா போட்டீங்க?"

ஷர்புன்னிசாவுக்கு மிடுக்கு திரும்பியிருந்தது. "சாமை. எங்க பரம்பரைப் பக்குவம்."

"யார்கிட்ட சொல்ற? உன் மாமியா காலத்துலருந்து உங்க வூட்டுல துன்னுக்கினு வரேன். அந்தம்மா என்னைக்கு சாமை போட்டாங்க?"

அஸ்ரப் நிஷா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாமி இப்போது எப்படியும் மழுப்பிவிடுவார் என்று நினைத்தாள். ஷர்புன்னிசா தாடைக்கட்டை முழுக்க அவிழ்த்துத் தோளில் போட்டார்.

"அவங்க போடலதான். நானும் போட்டதில்ல. பரம்பரைன்னா எங்கனா ஒரு நாளு ஆரம்பிக்கணும் இல்ல? எங்க வூட்டுல இன்னைக்கு ஆரம்பிச்சிருக்குது. என் சின்ன மருமக ஆரம்பிச்சா. இனிமே எந்த மருமக வந்தாலும் இவகிட்டதான் கத்துக்கணும்."

அஸ்ரப் நிஷா கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், அழுதாள், இரண்டும் சேர்ந்து வந்தது. நிக்காஹ் அன்றுகூட அப்படி ஒரு சந்தோஷம் தனக்கு வரவில்லை என்று இன்றைக்கும் அமீர் காதில் விழும்படியே சொல்வாள்.