விசாரிக்க ஆளில்லாத விசாரணைக் கைதி

“…கறி எடுத்து கொழம்பு வெச்சி, வாசலையே பாத்துக்கினு உக்காந்திருந்தேன். பெயில் கெடச்சிடுச்சின்னா ஆளு வந்துடுவான்னுதானண்ணா அர்த்தம்? இன்னாண்ணா, நீங்களே சொல்லுங்க.”

கேட்டவர் காஞ்சனா. ஆசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் செய்கிறார். கேட்டது, செங்கம் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் தனபாலிடம். பாத்ரூம் குழாய் வாங்கப் போன நான் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

காஞ்சனாவின் தம்பி சேகர், தனபால் கடையில் சிமென்ட் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். ஆடிப் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் யாருடைய செல்போனோடோ பிடிபட்டான். கீழே கிடந்தது என்கிறான் அவன். திருடினான் என்கிறது வழக்கு. எது நிஜம்? எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தானே கோர்ட் இருக்கிறது…

ஆவணியில் பெயில் கொடுத்தார்கள். புரட்டாசி போய் ஐப்பசியும் வந்துவிட்டது. சேகர் இன்னும் ஜெயிலில்தான் இருக்கிறான்.

இந்த ‘கெடச்சிடுச்சி’ என்கிற சொல்லைப் பாருங்கள். வேலை கிடைத்தது என்றால் போய்ச் சேரலாம். பஸ்ஸில் சீட் கிடைத்தது என்றால் உட்காரலாம். பெயில் கிடைத்தால் மட்டும் — பேப்பர் வெளியே வரும், ஆள் உள்ளேயே இருப்பான்!

ஏன்? ஜாமீனுக்கு இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். சொந்த வீடு உள்ள, வீட்டு வரி ரசீது காட்டக்கூடிய இரண்டு பேர். காஞ்சனா இருப்பது வாடகை வீடு. சொந்தக்காரர்களும் அப்படித்தான். ஆக, சேகரை உள்ளே வைத்திருப்பது அவன் செய்ததாகச் சொல்லப்படும் குற்றம் அல்ல. அது இன்னும் நிரூபணமே ஆகவில்லை. சொந்த வீடு உள்ள இரண்டு பேர் அவனுக்காக வரவில்லை. அதுதான்.

இதே வழக்கில் நான் மாட்டியிருந்தால்? ஆர்டர் வந்த வேகத்தில் வீட்டுக்கு வந்து காபி குடித்திருப்பேன்.

‘விசாரணைக் கைதி’ என்று பேப்பரில் படிக்கிறோமே, அது இவர்கள்தான். தீர்ப்புக்கு முன்னாலேயே தண்டனையை அனுபவிக்கிறவர்கள். நம் ஜெயில்களை நிறைத்திருப்பதில் இவர்கள்தான் ஜாஸ்தி.

“விசாரணைக் கைதியாம் சார்,” என்றார் காஞ்சனா, என் பக்கம் திரும்பி. “மனு போட்டு போய்ப் பாத்தேன். சாப்ட்டியாடான்னு கூட அவன அங்க ஒருத்தரும் விசாரிக்கல.”

எனக்குச் சுருக்கென்றது. ‘நான் யார்’, உள்ளே இருப்பது யார் என்று விசாரிக்க உலகமே ஃப்ளைட் பிடித்து நம் ஊர் ஆசிரமத்துக்கு வருகிறது. நம் ஊர்க்காரன் ஒருத்தன் உள்ளே இருக்கிறான்… விசாரிக்க ஆளில்லை.

‘அப்படியானால் திருடனையெல்லாம் வெளியே விட்டுவிடலாமா?’ என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேளுங்கள். வழக்கை மூடச் சொல்லவில்லை, நடத்தச் சொல்கிறேன். ஓடிவிடுவான், சாட்சியை மிரட்டுவான் என்று காரணம் இருந்தால் வைத்துக்கொள்ளட்டும். செங்கத்தைத் தாண்டினால் வழி தெரியாத சேகர் எங்கே ஓடப்போகிறான்? வேறு ஆள் கையெழுத்துக் கேட்காமல் சொந்த ஜாமீனில் விடலாம். ஸ்டேஷனில் வந்து கையெழுத்துப் போடச் சொல்லலாம். சட்டத்தில் இதற்கெல்லாம் இடம் இருக்கிறது. பெயில் கொடுத்தும் ஆள் வெளியே போகவில்லையென்றால், ஏன் போகவில்லை என்று கோர்ட்டே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இடம் போதவில்லை என்று புது ஜெயில் கட்டும் முன்பு, இருக்கத் தேவையில்லாதவனை வீட்டுக்கு அனுப்புங்கள்.

இதைச் சொன்னால் குற்றவாளிக்கு வக்காலத்து வாங்குகிறான் என்பார்கள். சொல்லட்டும். திரும்பவும் சொல்வேன்.

சரி, கடைக்கு வருவோம். ஒரு கையெழுத்து நான் போடுகிறேன் என்றேன். இன்னொன்று? தனபால் என் குழாயைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே சுற்றி முடித்துவிட்ட குழாய் அது.

“பையன் நல்லவன்தாம்மா, யாரு இல்லன்னா? அவன மாதிரி மூட்ட தூக்க ஆளு கெடைக்குமா? ஆனா ஜாமீன்னா பேஜார்மா. நாளைக்கி அவன் எங்கனா போயிட்டான்னா, அவனுக்கு பதிலா என்ன புடிச்சி உள்ள வெச்சிடுவாங்க.”

ஊரில் பாதிப் பேருக்கு இந்தப் பயம்தான். ஆளுக்கு ஆள் மாற்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் வராமல் போனால் கோர்ட் சொல்லும் தொகைக்கு நீங்கள் பொறுப்பு. அது சின்ன விஷயமில்லைதான். ஆனால் அவனுடைய குற்றத்துக்கு உங்களுக்குத் தண்டனை கிடையாது என்று எடுத்துச் சொன்னேன்.

“அப்டீங்களா… எதுக்கும் வூட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்றேனே.”

“அண்ணிகிட்ட காலைலயே பேசிட்டேண்ணா,” என்றார் காஞ்சனா. “வரி ரசீத எடுத்துக்கினு நேரா கோர்ட்டாண்ட வந்துடறேன்னாங்க.”

தனபால் குழாயை என் பக்கம் தள்ளினார். பிறகு, “வியாபார நேரம்மா. கடைய யாரு பாத்துப்பா?” என்றார்.

காஞ்சனா மூலையில் சாத்தியிருந்த கொக்கிக் கம்பியை எடுத்தார். ஷட்டரைக் கீழே இழுத்தார் — தனபால் குனிந்து வெளியே வருகிற அளவுக்கு மட்டும் இடம் விட்டு.