அண்ணி என்று எழுதிய படிவம்

கரசாஸ் பேருந்து நிலையத்தில் இறங்கி, "புதுசா குடிவந்தவங்களுக்குச் சட்டம் சொல்ற அக்கா எங்க?" என்று கேட்டால், சூரியகாந்தி விதை விற்கிறவள் தலையைத் தூக்காமலே கையைக் காட்டுவாள். செருப்புக் கடைக்கும், காய்ந்த தயிர் உருண்டை விற்கும் கடைக்கும் நடுவில் ஒரே அறை. ஒரு மேசை, நாலு நாற்காலி, ஒரு கெட்டில். கெட்டிலுக்கு மேலே, ஆவி படாத உயரத்தில், சட்டம் போட்டு மாட்டிய சட்டப் பட்டம்.

பட்டத்துக்குச் சொந்தக்காரி குல்பாஷ். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் மங்கோலியாவின் ஓல்கீ ஊரிலிருந்து இரண்டு பெட்டியோடு கசகஸ்தானுக்கு வந்தவள். அயல்நாட்டில் இருந்த கசக் இனத்தாரைத் தாய்நாடு வா என்று கூப்பிட்டது, வந்தாள். வந்த பிறகு எந்தச் சன்னலில் போய் நிற்பது என்று சொல்ல நாதியில்லை. ஒரே ஒரு முத்திரைக்குப் பதினோரு தடவை அலைந்தாள். பதினோராவது தடவை திரும்பும்போதுதான் அந்த வைராக்கியம் வந்தது. பால் பண்ணையில் மாடு கறந்துகொண்டே, நாற்பது வயதில், அஞ்சல் வழியில் சட்டம் படித்து முடித்தாள். கசக் வழக்கப்படி முன்னோர் ஏழு பேரின் பெயரையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். அந்த ஏழு பேரில் ஒருவர்கூடக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை என்பதையும் கூடவே சொல்லிவிடுவாள்.

அந்தப் புதன்கிழமை காலையில் கதவை இடித்துக்கொண்டு இரண்டு பேர் நுழைந்தார்கள். ரொட்டி அடுப்பில் வேலை பார்க்கும் ஜனார், பின்னால் அவள் மகள் ஆய்சவ்லே.

"அக்கா, என் பொண்ண வெள்ளிக்கிழமைக்குள்ள திரும்பிப் போகச் சொல்லிட்டாங்க! இவள விட்டா எனக்கு இங்க யாரு இருக்கா?"

ஆய்சவ்லே தாயோடு தங்க ஓல்கீயிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகிறது. தற்காலிகப் பதிவு வெள்ளியோடு முடிகிறது. குடியேற்ற அலுவலகமோ 'உறவு நிரூபிக்கப்படவில்லை' என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டு, வெள்ளியன்று அதிகாரியை நேரில் வந்து பார்க்கச் சொல்லியிருந்தது.

குல்பாஷ் தாள்களைப் புரட்டினாள். பிறப்புச் சான்றிதழில் தாய் ஜனார்தான். ஆனால் படிவத்தில் ஆய்சவ்லே தன் கையாலேயே எழுதியிருந்தாள்: 'இங்குள்ள உறவினர்: ஜனார். உறவு: அண்ணி. தாய்: பாத்திமா, காலமானார்.'

குல்பாஷுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்டி, நீ தலைச்சனா?"

"ஆமாக்கா."

"தாத்தா வீட்டுல வளந்தியா?"

"ஆமா."

"பெத்த அப்பாவ என்னன்னு கூப்பிடுவ?"

"அண்ணன்னு."

"அப்ப இவங்க?"

"அண்ணி..." என்ற ஆய்சவ்லே, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

கசக் வழக்கத்தில் தலைச்சன் பிள்ளை அப்பாவைப் பெற்ற தாத்தா வீட்டுக்கு. பால்குடி மறந்ததும் தூக்கிக் கொடுத்துவிட வேண்டும். வளர்த்த தாத்தா பாட்டியே அப்பா அம்மா, பெற்றவர்கள் அண்ணன் அண்ணி. ஜனாரே மகளை இருபத்திரண்டு வருஷமாக "நாத்தனாரே" என்றுதான் கூப்பிடுகிறாள்.

"பொய் சொல்லி மாட்டினவங்கள நிறையப் பாத்திருக்கேன். உண்மையச் சொல்லி மாட்டினது நீதான்டி! எந்திரிங்க, எந்திரிங்க!"

அரை மணி நேரத்தில் ஆட்சேப மனு தயார். அலுவலகச் சன்னலில் இருந்தவர், "வெள்ளிக்கிழமை நேர்ல வரப்ப கொண்டாங்க" என்று தாளைத் தள்ளினார். குல்பாஷ் திருப்பித் தள்ளினாள்.

"மனு குடுக்கிறது எங்க உரிமை தம்பி. வாங்கி நம்பர் போடறது உங்க கடமை. நம்பர் விழுந்துட்டா, முடிவு வர்ற வரைக்கும் இவள யாரும் அனுப்ப முடியாது. அதுக்குத்தான தள்ளுறீங்க?"

நம்பர் விழுந்தது. பதினோரு தடவை அலைந்தவளுக்கு இப்போதெல்லாம் ஒரே நடைதான்.

சான்றிதழ் ஒன்று சொல்லப் படிவம் வேறொன்று சொல்வதால், இன்னொரு சாட்சி வேண்டும். அடுத்து ஓல்கீக்குப் போன். ஆய்சவ்லேயின் அத்தை ஆஸ்பத்திரிக்கு ஓடி, பழைய பிரசவப் பதிவேட்டைத் தேடச் செய்து, முத்திரையோடு நகல் வாங்கிப் படம் எடுத்து அனுப்பினாள். வியாழன் சாயங்காலம் அது வந்தபோது குல்பாஷ் நாற்காலியிலிருந்து குதித்தேவிட்டாள். வெள்ளி காலை ஒன்பதுக்கெல்லாம் மொழிபெயர்ப்பும் கையில்.

பதினோரு மணிக்கு அதிகாரி ரவான் எதிரில் மூவரும் உட்கார்ந்தார்கள். ரவான் நகரத்து அடுக்குமாடியில் வளர்ந்தவன், முப்பது தாண்டாதவன், இந்த வழக்கத்தைக் கண்டறியாதவன்.

"இவங்க உங்களுக்கு என்ன வேணும்? நேராச் சொல்லுங்க."

ஆய்சவ்லே வாயைத் திறந்தாள். வழியெல்லாம் 'அம்மான்னு சொல்லு' என்று ஜனார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் அந்தச் சொல் போன வருஷம் மண்ணுக்குள் போன, வளர்த்த பாட்டி பாத்திமாவுக்கு உரியது. அதை இன்னொருத்திக்குக் கொடுக்க நாக்கு புரளவில்லை.

"அண்ணி" என்றாள், கண் நிறைய.

"பாத்தீங்களா!" என்றான் ரவான்.

குல்பாஷ் எழுந்தே விட்டாள். "தம்பி, ஏமாத்த வந்தவளா இருந்தா இந்நேரம் பத்து தடவ அம்மான்னு சொல்லியிருக்க மாட்டாளா? ஊர விட்டுப் போகணும்னு தெரிஞ்சும் அண்ணிங்கிறாளே, அதவிட சாட்சி வேணுமா? வேணும்னா இந்தாங்க, ஆஸ்பத்திரிப் பதிவேடு!"

மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த நடுவயசுப் பெண் கையை நிறுத்தினாள். "ரவான் தம்பி, நானும் தலைச்சன்தான், என்னப் பெத்தவள இன்னைக்கும் அண்ணின்னுதான் கூப்பிடறேன். என்னையும் நாடு கடத்திடாதீங்க."

ரவான் காது சிவந்தது. பதிவேட்டை இரண்டு முறை படித்தான். பிறகு புதுப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினான். "இத சரியா நிரப்பிக் குடுங்க. பதிவ நீட்டிச்சிடறேன்."

ஆய்சவ்லே 'தாய்: ஜனார்' என்று எழுதினாள். பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"வளத்தவங்க பேர எங்க எழுதறது?"

"அதுக்கு இதுல இடமில்லியே" என்றான் ரவான்.

"ஓரத்துல எழுதட்டும் தம்பி," என்றாள் குல்பாஷ். "ஓரத்துல எழுதக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. நான் படிச்சிருக்கேன்."

முத்திரை விழுந்த சத்தம் குல்பாஷுக்கு மேளச் சத்தம் மாதிரி கேட்டது. வாசலுக்கு வந்ததும் ஜனார் மகளைக் கட்டிக்கொண்டாள்.

"அண்ணி, பசிக்குது" என்றாள் ஆய்சவ்லே.

"வா நாத்தனாரே, ரொட்டி இருக்கு" என்று பையைத் திறந்தாள் பெற்றவள்.